முதலில் நீ போடு, பிறகு வரும்

ஆபீஸில் அவருக்குப் பெயர் பசையண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அதையும் மாதத்துக்கு ஒருமுறை கணக்கம்மா ஒருத்திதான் படிப்பாள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பசை டியூப் வைத்திருப்பார் என்பதால் வந்த பெயர் அது. "நம்ம ஆபீஸ்லயே கையில பசை உள்ள ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று விற்பனைப் பிரிவுப் பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மாதக் கடைசியில் அந்த டியூபைத் தவிர அவர் கையில் வேறு பசை எதுவும் இருந்ததில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனி. பத்தொன்பது வருஷமாக அங்கே டிரைவர். மேனேஜரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளைகளுக்குப் போய்வருவது வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார். வழியில் சுங்கம் கட்ட, பஞ்சர் ஒட்ட, வண்டி நிறுத்தப் பணம் வேண்டுமே என்று கேட்டதற்கு, அப்போது கணக்குப் பார்த்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "மொதல்ல நீ போடு. பில்லு வாங்கு. ரீயிம்பர்ஸ்மென்ட்ல வரும்."

வாயில் நுழையாத சொல். பத்து நாள் பழகிய பிறகு நுழைந்தது. பல வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவள் அகராதியைப் புரட்டி, "ஒருத்தர் செலவு பண்ண காச அவருக்கே திருப்பிக் குடுக்கறதுப்பா" என்றாள். அதோடு விடாமல், கம்பெனி என் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று அந்தச் சொல்லை வைத்து இங்கிலீஷில் ஒரு வாக்கியமும் எழுதி டீச்சரிடம் சரி வாங்கிக்கொண்டு வந்தாள். டீச்சருக்கு இலக்கணம் சரியாக இருந்தால் போதும்.

அகராதியில் இல்லாதது ஒன்று உண்டு. அந்தச் சொல் மேல்மாடிக்காரர்களைத் தொடுவதே இல்லை. மேனேஜர் வெளியூர் போனால் கிளம்புவதற்கு முந்தின நாளே அட்வான்ஸ் வந்துவிடும். மிச்சமானால் திருப்பித் தருவார், தராமலும் இருப்பார். டிரைவர், கடைநிலை ஊழியர், மோட்டார் மாட்டுகிற மெக்கானிக் என்று கையில் காசில்லாதவர்களுக்குத்தான் ரீயிம்பர்ஸ்மென்ட். இருக்கிறவனுக்கு முன்னால் கொடுப்பது, இல்லாதவனைப் போடச் சொல்லிப் பின்னால் கொடுப்பது. இதைக் கண்டுபிடித்த மகராசன் எவனோ, அவன் நிச்சயம் டிரைவராக இருந்திருக்க மாட்டான்.

பின்னால் கொடுப்பதும் சும்மா வந்துவிடாது. பில்களைத் தேதிவாரியாக வெள்ளைத் தாளில் ஒட்ட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஸ்டேப்ளர் அடிக்கக்கூடாது. ஒருமுறை பின் குத்திக் கணக்கம்மாவின் விரலில் ரத்தம் வந்ததிலிருந்து அது சட்டம். மேனேஜரின் கையெழுத்து பாதி பில்லிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். ஐந்தாம் தேதிக்குள் கொடுத்தால் அடுத்த மாதச் சம்பளத்தோடு வரும். ஆறாம் தேதி கொடுத்தால் அதற்கடுத்த மாதம். பசையண்ணனின் தாள் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல் இருக்கும். கணக்கம்மா அதை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டாள், நேராக முத்திரையைக் குத்துவாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பொய் பில் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

"உங்க சம்பளம் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரோட்ல ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வருது" என்பாள் அவர் மனைவி. தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே, நிமிராமல் சொல்வாள்.

ஆறு வருஷத்துக்கு முன் வந்த மேனேஜரைக் கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் சங்கடம். அதட்ட மாட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பார். சுங்கச்சாவடி வந்தால் போனிலிருந்து தலையை எடுக்காமல், "நீ குடுத்துரு, பில்லு வாங்கிக்க" என்பார். அவ்வளவுதான்.

அன்றைக்கும் இரண்டு கிளைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பின்சீட்டில் போன் நழுவிக் கீழே விழுகிற சத்தம் கேட்டது. மேனேஜர் அதை எடுக்கவில்லை. "என்ன சார்?" என்று பசையண்ணன் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "வாயு... வாயுதான்" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குளிர்சாதனம் ஓடுகிற வண்டியில் வாயுவுக்கு இப்படி வேர்க்காது என்று பசையண்ணனுக்குத் தெரிந்தது. அடுத்த ஊர் முப்பத்துநாலு கிலோமீட்டர். இருபத்திரண்டு நிமிஷத்தில் போனார். வழியில் எத்தனை லாரிக்காரர்கள் அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்? அண்ணனா, தம்பியா?"

"டிரைவரும்மா."

"சரி. டெபாசிட் கட்டணும். கார்டா, கேஷா?"

எண்பத்திரண்டாயிரம். மேனேஜருடைய மனைவி வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீஸுக்குச் சொன்னால் மேலே கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள் என்று பத்தொன்பது வருஷ அனுபவம் சொன்னது. அவருடைய கணக்கில் தொண்ணூறாயிரம் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஐந்து வருஷமாகச் சேர்த்தது. மகளுக்கு ஸ்கேன் எடுக்கிற படிப்பில் இடம் கிடைத்திருந்தது, மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். அன்றைக்குத் தேதி ஆறு. கார்டை நீட்டினார். நீட்டும்போது ஒரு நொடிகூடக் கை தயங்கவில்லை. பின்னாளில் அதை நினைத்து நினைத்துத்தான் அவருக்கு வயிறெரிந்தது.

மறுநாள் காலையில் மேனேஜர் கண் விழித்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்துவிட்டார். பசையண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ இல்லேன்னா நான் இல்லப்பா. எவ்வளவு கட்டின?"

"எம்பத்திரெண்டு சார்."

"பில்லு பத்திரமா வெச்சுக்க. ரீயிம்பர்ஸ்மென்ட்ல போட்டுரலாம்."

மேனேஜரின் பர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுப்பறையில் இருந்தது. உள்ளே நாலு கார்டு. வைத்தவரே பசையண்ணன்தான். மேனேஜரின் கை அந்தப் பக்கம் போகவில்லை. அழுத கண் நிஜமாகவே அழுதது, அதில் நடிப்பு இல்லை. ஆனால் சொந்த உயிருக்கான செலவையும் கம்பெனி தலையில் எழுதலாம் என்று அந்தப் படுக்கையிலும் தோன்றுகிறது பாருங்கள், அதற்கு ஒரு பயிற்சி வேண்டும்.

வீட்டில் மனைவி மிஷினை நிறுத்திவிட்டாள். "அந்தாளு பர்ஸு அங்கதான இருந்துச்சு?"

"படுத்துக் கெடக்கற மனுஷன்கிட்ட பர்ஸ எடுங்கன்னா சொல்றது?"

"நம்ம புள்ள ஃபீஸ எடுன்னு மட்டும் சொல்லலாமா?"

"வந்துரும். என்னிக்காவது வராம இருந்திருக்கா? லேட்டா வரும், ஆனா வரும்."

அது உண்மைதான். அந்தச் சொல் அவரை அதுவரை ஏமாற்றியதில்லை. ஏமாற்றியதெல்லாம் பில்கள்தான். இப்போது மிஷினில் அடித்துத் தருகிற பில்லெல்லாம் வழவழப்பான மெல்லிய தாள். வண்டிக்குள் நாலு நாள் வெயிலில் கிடந்தால் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். அப்படி வெளுத்துப்போன பில்களால் வருஷத்துக்கு ஒரு செருப்பு வாங்குகிற காசாவது அவருக்குப் போயிருக்கும். ஆஸ்பத்திரி ரசீதும் அதே தாள். இதையும் வெளுக்க விட்டால் என்ன ஆவது? இரண்டு நாள் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அதிலும் நம்பிக்கை வராமல், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்யச் சொன்னார். காற்றுப் படாது, வெயில் படாது, பத்து வருஷம் ஆனாலும் எழுத்து அப்படியே இருக்கும் என்று கணக்கு.

"ஒரு காப்பி எடுத்துக்கறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஒரிஜினலே அழியாம இருக்கப்போவுது, காப்பி எதுக்கு?"

மிஷின் ஒரு பக்கம் விழுங்கியது. மறுபக்கம் வந்தபோது ரசீது முழுக்கக் கருகருவென்று இருந்தது. ஓர் எழுத்து இல்லை. பளபளவென்று, தேய்த்துக் கழுவக்கூடிய கருப்பு.

"அண்ணே, இது சூடு பட்டா கருக்கற பேப்பரு" என்றார் கடைக்காரர், குரல் இறங்கி.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஆபீஸ் ஆளு, தெரிஞ்சுதான் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். காசு வேணாம், விடுங்க."

காசு வேண்டாம் என்று அவர் சொன்னது பசையண்ணனுக்கு ஏனோ அழுகையை வரவழைத்தது. பத்தொன்பது வருஷம் பில்லோடு குடித்தனம் நடத்திய மனுஷன் பில்லைத் தன் கையாலேயே கொன்றுவிட்டார். வேறு எவனாவது இருந்தால் சும்மா மடித்துப் பையில் வைத்திருப்பான், பிழைத்திருப்பான்.

விடுமுறை நாளில் பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்கே போனார். வேறொரு பெண் இருந்தாள். நகல் தருவோம், ஆனால் நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றாள். "பணம் கட்டினது நான்தாம்மா" என்றார். "கட்டினவங்க யாருன்னு எங்க ரெக்கார்டுல இல்ல சார். பேஷன்ட் பேருதான் இருக்கும்" என்றாள். யாருக்கு என்பதை மேனேஜரே வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, பேங்கிலிருந்து வந்த செய்தியை மட்டும் கணக்கம்மாவிடம் காட்டினார். அவள் பாவமாகப் பார்த்தாள். "நீங்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டிருக்கீங்கன்னு இருக்குண்ணே. யாருக்குன்னு இல்லையே."

மேனேஜர் இருபத்துமூன்றாம் தேதி வேலைக்கு வந்தார். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதியிருந்தார் என்பது அன்றைக்குத்தான் பசையண்ணனுக்குத் தெரிந்தது. வண்டிக் கண்ணாடிகளை ஏற்றச் சொல்லிவிட்டு மேனேஜர் பேசினார்.

"தலைமை ஆபீஸ்ல என்னை பெரிய போஸ்ட்டுக்கு எடுக்கறதா இருக்காங்க. நெஞ்சுவலின்னு தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாங்க. அதனால அந்த ஆஸ்பத்திரி பேரே எங்கயும் வரக்கூடாது. நீயும் யார்கிட்டயும் சொல்லிராத."

"சார், லெட்டர் ஒண்ணு குடுத்தீங்கன்னா நகல் மட்டும்..."

"அது வேணாம். டயர், பேட்டரி, கிளட்ச்சுன்னு ஒரு அஞ்சாறு பில்லு கொண்டா. அவசரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். மூணே நாள்ல பணம் வந்துரும்."

"பொய் பில்லு நான் குடுத்ததில்ல சார்."

"பில்லுதானப்பா பொய். நீ போட்ட பணம் நெஜம்தான? அப்புறம் என்ன?"

உங்கள் சொந்தப் பணத்தைத் தரலாமே சார் என்கிற பதில் தொண்டை வரை வந்தது. பத்தொன்பது வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்தே பழகிய தொண்டை அதை விழுங்கிவிட்டது. மகளின் கடைசித் தேதிக்கு ஏழு நாள் இருந்தது.

தெரிந்த டயர் கடைக்காரர் ஒருவர் பில் புத்தகத்தைத் தூக்கி மேஜைமேல் போட்டு, "வேணுங்கறதக் கிழிச்சுக்கங்க" என்றார். பசையண்ணன் ஆறு தாளைக் கிழித்தார். இதில் ஊறியவர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிழிப்பார்கள், நாலு கடைக்குப் போவார்கள், பேனாவை மாற்றி எழுதுவார்கள். ஆபீஸில் பாதிப்பேருக்கு அது அத்துப்படி. இவருக்கு யார் சொல்லித் தருவது? மேலிருந்து ஆறு தாளை வரிசையாகக் கிழித்து, நாலு மாதத்துக்குப் பரப்பித் தேதி போட்டு, தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். பிறகு இரண்டு விரல் இடைவெளி விட்டு அழகாக ஒட்டினார். மேனேஜர் பாதி பில்லிலும் பாதி தாளிலுமாகக் கையெழுத்திட்டார். கணக்கம்மா பார்க்காமல் முத்திரை குத்தினாள். இருபத்தேழாம் தேதி பணம் வந்தது. மறுநாள் மகளின் ஃபீஸைக் கட்டினார். வெள்ளைக் கோட்டு தைக்கத் துணி எடுத்துக்கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார்.

இரண்டரை மாதம் நிம்மதியாகப் போயிற்று. நிம்மதி என்றால், அந்த ஆறு பில்லையும் நினைக்காத நாட்களில் நிம்மதி.

தலைமை ஆபீஸிலிருந்து தணிக்கைக்காரர் வந்தார். ஒல்லியாக, மரியாதையாகப் பேசுகிற ஆள். தாளைப் பசையண்ணன் பக்கம் திருப்பி வைத்தார். "ஆயிரத்தி நூத்தி நாப்பத்தொண்ணுலேருந்து நாப்பத்தாறு வரைக்கும். நாலு மாசத்துல இந்தக் கடைக்கு உங்கள விட்டா வேற ஆளே வரலையா? நாலு சக்கர வண்டிக்கு ஒன்பது டயர் மாத்திருக்கீங்க. அவ்வளவு முள்ளாவா கெடக்கு ரோடு?"

மேனேஜரும் அந்த அறையில்தான் இருந்தார். பசையண்ணன் அவரைப் பார்த்தார். மேனேஜர் பார்வையைத் திருப்பவில்லை. மெதுவாக, வருத்தமாகச் சொன்னார். "பத்தொம்பது வருஷ ஆளு. நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன். என் தப்பும் இருக்கு."

"சார்... உங்களுக்கு நெஞ்சுவலி வந்தப்போ நான் ஆஸ்பத்திரியில கட்டின பணம் சார் அது. நீங்கதான் இப்படிப் பண்ணச் சொன்னீங்க" என்றார் பசையண்ணன்.

"நெஞ்சுவலியா?" என்று தணிக்கைக்காரர் மேனேஜரைப் பார்த்தார்.

"எனக்கென்ன சார், நல்லாத்தான இருக்கேன்" என்றார் மேனேஜர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவன் சம்சாரத்துக்கு அப்போ ரொம்ப முடியாம இருந்துச்சு. அதுக்குக் கட்டின பணந்தான். கணக்கம்மாகிட்டகூட பேங்க் மெசேஜக் காட்டியிருக்கான். வேற வழி தெரியாம இப்படிப் பண்ணிருக்கான், பாவம். வேலைய விட்டு எடுத்துராதீங்க சார், வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு. பணத்த மட்டும் சம்பளத்துல பிடிச்சுக்கங்க" என்றார்.

எவ்வளவு நேர்த்தியான பொய். ஒரு பக்கமும் இடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கலாம் என்றால் அங்கே நோயாளியின் கடிதம் கேட்பார்கள். கணக்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம், ஆஸ்பத்திரிக்குக் கட்டியதாகக் காட்டினார், யாருக்கு என்று தெரியாது என்றாள். அவளும் உள்ளதைத்தான் சொன்னாள். பார்க்காமல் முத்திரை குத்தியதற்கு அவளுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

தணிக்கைக்காரர் கோப்பை மூடினார். "உங்க மேனேஜர் பெரிய மனசுக்காரர். போலீசுக்குப் போயிருக்க வேண்டிய விஷயம். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க."

பசையண்ணன் நன்றி சொன்னார். தலைகுனிந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். மேனேஜர், "பரவால்லப்பா" என்றார்.

சாயங்காலம் கடிதம் கைக்கு வந்தது. இங்கிலீஷில் இருந்தது. மகள்தான் படித்துச் சொன்னாள். "எம்பத்திரெண்டாயிரத்த நீங்க கம்பெனிக்குத் திருப்பிக் கட்டணுமாம்பா. பத்து மாசம், சம்பளத்துல பிடிப்பாங்களாம்." அதே சொல்லைத்தான் போட்டிருந்தார்கள். கம்பெனிக்கு இவர் ரீயிம்பர்ஸ் செய்ய வேண்டும். கொடுப்பவனும் வாங்குபவனும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். எப்படி உட்கார்ந்தாலும் பணம் போட்டது பசையண்ணன்தான். உயிரைக் காப்பாற்ற ஒருமுறை, காப்பாற்றியதற்கு அபராதமாக ஒருமுறை.

மனைவி கத்தவில்லை. "எனக்கு எப்பங்க முடியாம போச்சு? நான் எந்த ஆஸ்பத்திரியில படுத்தேன்?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். ஆபீஸிலிருந்து யாரோ, அண்ணிக்கு இப்போ எப்படி இருக்கு என்று போனில் விசாரித்தபோது அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் தவணை கட்ட முடியவில்லை. மகள் தானாகவே படிப்பை நிறுத்திக்கொண்டாள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்ப்பா என்றாள். ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அடுத்த வருஷம் அந்த இடம் இருக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மேனேஜருக்குப் பெரிய பதவி கிடைத்தது. புது வண்டி வந்தது. டிரைவரை மாற்றிக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னதற்கு, "பழைய ஆளே இருக்கட்டும், பாவம்" என்றாராம். ஆபீஸே மெச்சியது. பசையண்ணனால் வேலையை விட முடியாது, இன்னும் ஏழு மாதப் பிடித்தம் பாக்கி. ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு, அதுவும் கள்ள பில் எழுதியவன் என்று பெயர் வாங்கிய ஆளுக்கு, வேறு எவன் சாவியைக் கொடுப்பான்? அவர் தாளை இப்போது கணக்கம்மா விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள்.

போன வாரம் ஒருநாள் மத்தியானம். நீண்ட சாலை. பின்சீட்டில் பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. பசையண்ணன் கண்ணாடியில் பார்த்தார். மேனேஜர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாய் திறந்து கிடந்தார். கை சீட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பசையண்ணன் வேகத்தைக் கூட்டவில்லை. குறைத்தார். எழுபதில் போன வண்டி அறுபதுக்கு வந்தது, பிறகு ஐம்பதுக்கு வந்தது. ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்கவில்லை. கண்ணாடியில் மேனேஜரின் நெஞ்சின்மேல் இருந்த சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கொஞ்சநேரம் கழித்து மேனேஜர் ஒரு குறட்டை விட்டார். வெறும் தூக்கம்தான்.

பசையண்ணனுக்கு ஏமாற்றமாக இருந்தது. அது ஏமாற்றம்தான் என்று புரிந்தவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பின்சீட்டிலிருந்து மேனேஜர் கண் விழித்து, "என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் பசையண்ணன்.